மூன்றாவது போஸ்டிலியனின் கதவு

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எங்களுக்கும் சந்தோஷம். ஆனால், மாட்டுக்கொட்டகையைப் பிரிக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதுதான் மனதைவிட்டுப் போகவில்லை. போன சனிக்கிழமை நான் ஒரு குதிரை லாயத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதனால்கூட இருக்கலாம்.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கம் சாட்ஸ்வொர்த் என்று பெரிய மாளிகை, டெவன்ஷயர் டியூக் என்ற பட்டம் பெற்ற பிரபுக் குடும்பத்துடையது. கூட வந்தவர்கள் உள்ளே ஓவியம் பார்க்கப் போனார்கள். நான் வடகிழக்கே மேட்டில் நிற்கும் லாயத்திலேயே அரை நாளைக் கழித்துவிட்டேன். நான்காம் டியூக்குக்காக ஜேம்ஸ் பெய்ன் 1760 வாக்கில் கட்டியது. அதற்கு முன்பிருந்த லாயம் மாளிகையிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிறது என்று இடித்துவிட்டார்கள். எடென்சார் என்ற பக்கத்துக் கிராமத்தில் ஒரு பகுதியும் அப்படியே போயிற்று. ஜன்னலைத் திறந்தால் புல்வெளியும் மரமும் மட்டும் தெரிய வேண்டுமாம். அங்கே குடியிருந்தவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் புதிதாகக் கட்டியதில் குறை சொல்ல முடியாது. பக்கத்துக்குச் சுமார் 190 அடி வரும் சதுரம், இரண்டு தளம், நடுவில் திறந்த முற்றம், நாலு மூலையிலும் தணிந்த கோபுரம். வாசலில் நான்கு டோரிக் தூண்கள், பழைய கிரேக்க பாணி. அடியிலிருந்து நுனிவரை வழவழவென்று இழைக்காமல், இடையிடையே கரடாகக் கல்பட்டை விட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டைதான் தூணுக்கு ஒரு முரட்டு பலத்தைத் தருகிறது. மேலே முக்கோண முகப்பில் குடும்பச் சின்னம், அதற்கும் மேலே கடிகாரக் கோபுரம். முகப்பில் இரண்டு கலைமான்கள், நிஜ மானின் அளவுக்கே செதுக்கியவை. கொம்பு மட்டும் கல்லில்லை, அசல் மான்கொம்பு! கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே 80 குதிரை கட்ட இடம், லாடம் அடிக்கும் பட்டறையும் உள்ளேயே. தானியக் கிடங்கு மாடியில். வேலைக்காரர்கள் குடியிருந்ததும் மாடியில்தான். அங்கே ஒரு கதவில் ‘மூன்றாவது போஸ்டிலியன்’ என்று எழுதியிருக்கிறதாம். சாரட்டின் முன்னால் ஜோடிக் குதிரையில் இடப்பக்கக் குதிரைமேல் உட்கார்ந்து வண்டியை நடத்துகிறவன்தான் போஸ்டிலியன். கதவில் அவன் பேர் இல்லை, வரிசை எண்தான். முகப்பில் இத்தனை அலங்காரம் செய்த வீட்டில், அதற்குள் வாழ்ந்தவனுக்கு இதுதான் மிச்சம். கட்டடம் முழுவதிலும் என்னை அதிகம் தொட்டது அந்தக் கதவுதான்.

1830-களில் ஆறாம் டியூக் பின்னால் வண்டிக்கொட்டகை கட்டிச் சேர்த்தார். 1939-இல் கடைசிக் குதிரைகளும் போய்விட்டன. பிறகு சாமான் போடவும் கார் நிறுத்தவும் ஆயிற்று. இப்போது உணவகமும் கடைகளும் நடக்கின்றன. முற்றத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். இடிக்காமல் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது.

கொட்டகையைப் பிரிக்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஓடு ஒழுகுவதும் கரையான் அரிப்பதும் உனக்குத்தான் தெரியும். ஆனால் ஆள் வருவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு ஒருதரம் அளந்து வைத்துவிடு. தூணுக்குத் தூண் எத்தனை அடி, தண்ணீர்த்தொட்டி எவ்வளவு உயரம், வைக்கோல் பரணுக்கு ஏணி எந்தப் பக்கம், எல்லாம் குறித்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. நான் படமாக வரைந்து தருகிறேன்.

கிழக்கு மூலையில் ஒரு மண்திண்ணை இருக்குமே, மாடு பார்த்துக்கொண்ட அண்ணன் ராத்திரி படுப்பாரே, அதையும் விட்டுவிடாதே. நாம் பரணில் ஏறிக் குதிக்கும்போதெல்லாம் அதட்டுவார். நாலு நாளாக யோசிக்கிறேன், அவர் பெயர் வரவே மாட்டேன் என்கிறது. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் அக்காவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் ரவி