சலூன் அண்ணனுக்கும் ஆசாரி மாமாவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தீவனம் வெட்டும் மெஷினில் அப்பாவின் இடது கை முழங்கைக்குக் கீழே போனது ஊருக்கே தெரியும். அன்றைக்கு வண்டி எடுத்து வந்தவருக்கும், எங்கள் குறுவை அறுப்பை முடித்துக் கொடுத்த பங்காளிகளுக்கும் என்ன சொன்னாலும் தகும். அப்புறம் பட்ட பாடுதான் பலருக்குத் தெரியாது. இல்லாத கை வலித்தது. விரல்கள் இறுக மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்பார். மந்திரிக்கச் சொன்னவர்களும் உண்டு.

முதல் துப்பு கொடுத்தது சலூன் அண்ணன்தான். இடது கன்னத்தில் கத்தி போகும்போது "கட்டை விரல்ல ஊருதுப்பா" என்று அப்பா சொன்னதைச் சிரித்துத் தள்ளாமல் வீடு தேடி வந்து சொன்னார். அதைக் கேட்டதும் தஞ்சாவூர் பிசியோதெரபி அக்கா ஒரு காகிதத்தை இழுத்து மூளையை வரைந்துவிட்டார். தொடு உணர்ச்சிக்கு மூளை மேற்பரப்பில் ஒரு பட்டை, அதற்கு முன்னால் அசைவுக்கு இன்னொன்று. இடப்பக்க உடம்புக்கு வலப்பக்க மூளை. உச்சியில் கால், கீழே வர வர கை, கையை ஒட்டியே முகம். முதுகுக்குத் துளி இடம்; விரலுக்கும் உதட்டுக்கும் தாராளம். இந்த வரைபடம், 1930களில் கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தது. கை போனாலும் மூளையில் அதன் இடம் இருக்கிறது. மேல் வயல் தண்ணீர் வரப்பில் கசிவதுபோல முகத்தின் சேதி அங்கே போகிறது என்பது ஒரு விளக்கமாம்.

கண்ணாடி வைத்தியத்தையும் அந்த அக்காவே சொன்னார். 1990களில் அதைக் கொண்டுவந்த மூளை ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்றதும் அப்பாவுக்குப் பாதி நோய் தீர்ந்தது. நம்ம பிள்ளை என்றால் சும்மாவா!

சலூன் அண்ணன் கடைக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். ஆசாரி மாமா அதை நடுவில் நிறுத்திப் பெட்டி அடித்து, கை கிழிக்காமல் ஓரத்துக்கு உப்புத்தாளும் போட்டார். கண்ணாடியில் தெரியும் வலது கையை இடது கையாகப் பார்த்துக்கொண்டே அப்பா மூடி மூடித் திறப்பார். ஒருநாள் "விரல் விட்டுக்கொடுத்துச்சு" என்றார். அம்மா அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

வலி முழுதாகப் போகவில்லை. எல்லோருக்கும் இது பலிக்காது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். ஆனால் ராத்திரி தூங்குகிறார்.

ஆசாரி மாமா கூலி வாங்க மாட்டேன் என்கிறார். சரி, பொங்கலுக்கு எடுத்து வைத்திருக்கும் வேட்டியையாவது திருப்பி அனுப்பாமல் இருக்க வேண்டும்.