செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, தாய்மார்களே, வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் மனு கொடுத்தோம். விளக்கு வந்துவிட்டது, தண்ணீருக்கு மறுபடி கொடுத்திருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டிசம்பர் 22 நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

1964-இல் அந்த இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்து 60 ஆண்டு ஆகிவிட்டது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ஸ்டேஷனை நெருங்கும்போது கடல் வாரிக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் இருந்த வண்டியில் ஒருவரும் பிழைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கோ அது இடிந்த சர்ச் முன்னால் போட்டோ எடுக்கிற இடம். அதனால்தான் இம்முறை மௌன அஞ்சலியோடு பள்ளி பேண்டு குழுவையும் அழைக்க நினைத்தோம். "துக்க நாளில் பேண்டா?" என்று மூத்தவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அணிவகுப்பு மெட்டு எதுவும் வேண்டாம், இதற்கென்றே புதிதாக ஒன்று செய்யுங்கள் என்று பேண்டு மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டோம்.

அவர் முதலில் பிள்ளைகளை, தனுஷ்கோடியை விட்டு இங்கே வந்து குடியேறிய பெரியவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார். காற்று எப்படி இரைந்தது, தண்ணீர் எப்போது வாசல்படி ஏறியது, விடியும்வரை எங்கே ஏறி நின்றார்கள் என்றெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிவந்தார்கள். அப்புறம்தான் வாத்தியத்தைத் தொட்டார்கள்.

சைடு டிரம்களில் தண்டவாளச் சத்தம் மெதுவாகத் தொடங்கும். பேஸ் டிரம்மின் தோல்மேல் துண்டை விரித்து அடித்ததால் தூரத்து அலைபோல் அடங்கிக் கேட்டது. பிறகு பியூகிளில் ஒரே சுரம், நீளமாக, ரயில் விசில். டிரைவர் விசிலை நீட்டி ஊதித்தான் வண்டியை நகர்த்தினார் என்று நம் ஊரில் சொல்வார்கள். அது நின்றதும் புல்லாங்குழல் மட்டும்: தனுஷ்கோடியில் பிறந்த பாட்டி ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடிக்காட்டிய தாலாட்டு மெட்டு. அவர் முன்வரிசையிலிருந்து கூடவே பாடினார்.

எதிர்ப்புச் சொன்ன பெரியவர் ஒருவர் முடிந்ததும் பியூகிள் பையனைக் கூப்பிட்டு, "விசில் இன்னும் நீளணும் தம்பி" என்றார். அவன் மறுபடி ஊதிக் காட்டினான்.

வாசித்தவர்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த ஆண்டோடு வெளியே போகிறார்கள். இசையைச் சுரப்படுத்தி எழுதி வைக்கவும், கிழிந்த டிரம் தோல்களை மாற்றவும், ஆண்டுதோறும் டிசம்பர் 22-இல் இதையே வாசிக்கவும் நிதி ஒதுக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழு நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்