இணைப்புக்கு முன் ஒரு கணக்கு: போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும், சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் உயரதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தஞ்சாவூரில் சின்னதாக ஒரு டிக்கெட் ஏஜென்சி நடத்துகிறேன். இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றானால் லாபம் எங்கெங்கோ போகலாம். தொல்லை மட்டும் நேராக என் மேசைக்கு வந்துவிடும். அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். இனி எந்த விமான நிறுவனமும் இன்னொன்றோடு இணைய அனுமதி கேட்டு உங்களிடம் வந்தால், "இதையே கோட்ஷேர், இன்டர்லைன் என்று கூட்டு வைத்துச் செய்ய முடியாதா? ஏன் முடியாது?" என்று கேளுங்கள். பதிலை ரூபாய்க் கணக்கோடு எழுதி வாங்குங்கள். வாங்கியதை எங்கள் கண்ணிலும் காட்டுங்கள். கோட்ஷேர் என்றால் ஒரு நிறுவனம் இன்னொன்றின் விமானத்துக்குத் தன் பெயரில் டிக்கெட் விற்பது. இன்டர்லைன் என்றால் இரண்டு நிறுவனங்களின் விமானங்களுக்கும் ஒரே டிக்கெட்.

ஏன் இப்போது என்றால், திருவையாறு பக்கத்து அம்மா ஒருவரால். எழுபது தாண்டியவர், இரண்டு முழங்காலும் போய்விட்டது. டெல்லியில் இருக்கும் மகளைப் பார்க்க டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். முன் வரிசை, நடைபாதை ஓரம், அதற்குத் தனிக் கட்டணம். வீல்சேருக்கும் பதிவு செய்து, டிக்கெட்டின் அடியில் டபிள்யூ.சி.எச்.ஆர். என்று வந்திருந்த வீல்சேர் குறியீட்டை நீலப் பேனாவால் அடிக்கோடிட்டு, "கவுன்டரில் இதைக் காட்டினால் போதும்மா" என்று சொல்லி அனுப்பினேன். டிக்கெட் போட்டதற்கும் பயணத்துக்கும் நடுவில் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. பெயர் வேண்டாம், இது ஒரு நிறுவனத்தின் மேல் போடும் புகார் இல்லை. பழைய பிஎன்ஆர், அதாவது பதிவு எண், போய்ப் புது பிஎன்ஆர் வந்தது. பயணி பெயர் வந்தது, தேதி வந்தது. வீல்சேரும் முன் வரிசை இடமும் வரவில்லை.

சென்னை கவுன்டரில் இருந்த பெண் அந்த அடிக்கோட்டைப் பார்த்துவிட்டு, "இது பழைய சிஸ்டம் டிக்கெட்மா" என்றாராம். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் திரையில் இருந்தது அவ்வளவுதான். இருந்த வீல்சேர்களெல்லாம் பதிவு செய்தவர்களுக்குப் போய்விட்டன. அந்த அம்மா லக்கேஜ் டிராலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு செக்யூரிட்டி வரிசையில் நின்று, கடைசி கேட் வரை நடந்திருக்கிறார். விமானத்தில் பின்பக்கம், இரண்டு பேருக்கு நடுவில் இடம். முன் வரிசை இடத்துக்கு வாங்கிய தனிக் கட்டணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். வந்த பதில்: "டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தை அணுகவும்." வழங்கிய நிறுவனம்தான் இப்போது இல்லையே! அதை எந்த வாசலில் போய் அணுகுவது என்று அந்தப் பதிலில் போடவில்லை.

இதே மேசையிலிருந்துதான் கனடாவுக்கும் டிக்கெட் போடுகிறேன். இரண்டு தனித்தனி நிறுவனங்கள், இரண்டு நாட்டுக்காரர்கள், ஒரே டிக்கெட். சென்னையில் போட்ட பெட்டி டொரொன்டோவில் வந்து விழுகிறது. சேராமலே சேர்ந்து வேலை செய்ய இவர்களுக்குத் தெரிகிறது. ஒன்றாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வீல்சேரை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளத் தெரியவில்லை.

இதெல்லாம் ஆரம்பக் கட்டச் சிரமம், போகப்போகச் சரியாகும், சேமிப்புதான் பெரிது என்பார்கள். சரி, சேமிப்பைப் பற்றியே பேசுவோம்.

2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இணைப்புகளை ஆராயும் அதிகாரம் ஆணையத்துக்கு அப்போது இல்லை, 2011 ஜூனில்தான் வந்தது. அதனால் அந்தப் பழி உங்களுக்கில்லை. ஆனால் அந்தப் பாடம் உங்களுக்கானது. இணைப்புக்கு முந்தைய ஆண்டில் இரண்டின் நஷ்டமும் சேர்ந்தே ஆயிரம் கோடி ரூபாயைத் தொடவில்லை. 2008-09-ல் அது 5,500 கோடியைத் தாண்டியது. எண்ணெய் விலை ஏறியது, உலகமே மந்தத்தில் கிடந்தது, உண்மைதான். 111 விமானங்களைக் கடனில் வாங்க ஒப்பந்தம் போட்டதும் சேர்ந்துகொண்டது. ஏர் இந்தியா பக்கம் 68 போயிங், இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கம் 43 ஏர்பஸ். விமானங்களுக்குத் தனித்தனியாக ஆர்டர் கொடுத்துவிட்டு, அப்புறம் நிறுவனத்தை ஒன்றாக்கினார்கள். உதிரிபாகம் வேறு, விமானிப் பயிற்சி வேறு, பழுதுபார்க்கும் ஆட்கள் வேறு. பெயரை மட்டும் ஒன்றாக்கினால் எங்கிருந்து மிச்சம் வரும்?

அந்தப் பெயர்கூட உடனே ஒன்றாகவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸின் ஐசி என்ற பழைய விமானக் குறியீடு மறைந்து எல்லாம் ஏஐ ஆனது 2011 பிப்ரவரியில். இதே காரணத்தால் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் சேர்வதும் தள்ளிப்போனது. 2007 டிசம்பரில் அழைப்பு வந்தது. உள்ளே போனது 2014 ஜூலையில். இணைப்பு வேலையில் மூழ்கிக் கிடந்ததால், உலகம் முழுக்க வழி திறந்துவிடும் கூட்டு ஏறக்குறைய ஏழு வருடம் வாசலிலேயே நின்றது. இதைவிடத் தெளிவாக யார் கணக்குப் போட்டுக் காட்ட முடியும்?

சம்பளக் கதை தனி. இரண்டு நிறுவனம் ஒன்றானால் யாரும் குறைந்த சம்பளத்துக்கு இறங்கி வர மாட்டார்கள், எல்லோரும் உயர்ந்த சம்பளத்தைத்தான் காட்டுவார்கள். 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012-ல் பழைய ஏர் இந்தியா விமானிகளின் முறை. புதிதாக வரவிருந்த ட்ரீம்லைனர் விமானத்தை ஓட்ட பழைய இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களுக்கும் பயிற்சியா என்று, ஏறக்குறைய இரண்டு மாதம் வேலைநிறுத்தம். இரண்டு பக்கத்து ஊழியர்களையும் சமன்படுத்த அமைத்த தர்மாதிகாரி குழு உட்கார்ந்து அறிக்கை கொடுத்த பிறகும் 'நீங்கள்', 'நாங்கள்' போகவில்லை. கோட்ஷேரில் இந்தத் தலைவலி கிடையாது. அவரவர் ஆட்களுக்கு அவரவர் சம்பளம். யார் விமானத்தில் பயணி ஏறினாரோ அவருக்குப் பெரும்பங்கு, டிக்கெட் விற்றவருக்குத் தரகு. ஒத்துவரவில்லையா, ஒப்பந்தம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுப் போகலாம்.

கடைசியில் 2021 ஆகஸ்டில் ஏர் இந்தியாவின் கடன் 61,562 கோடி. நிறுவனத்தை வாங்கிய டாடா ஏற்றுக்கொண்டது 15,300 கோடி. மிச்சம் 46,262 கோடி அரசின் தனி நிறுவனம் ஒன்றின் தலையில். அதாவது விமானமே ஏறாதவர்கள் தலையிலும்.

தனியார் ஆகியிருந்தால் இப்படி நடந்திருக்காது என்று சொல்ல வருகிறவர்களுக்கு, அதே 2007-ல் ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி கொடுத்து ஏர் சஹாராவை வாங்கியது. கிங்ஃபிஷர் ஏர் டெக்கானுக்குள் நுழைந்து அடுத்த ஆண்டே விழுங்கியது. குறைந்த கட்டணத்தில் முதல் தடவை விமானம் ஏறியவர்களின் நிறுவனம் டெக்கான். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றபோது டெக்கானும் சேர்ந்தே போனது. 2019 ஏப்ரலில் ஜெட்டும் நின்றது.

கூட்டு வைத்தவர்கள் எல்லோரும் கொழித்தார்கள் என்று சொல்லவில்லை. 2008 அக்டோபரில் ஜெட்டும் கிங்ஃபிஷரும் கைகோத்தன, இரண்டுமே இன்று இல்லை. அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனம் ஜெட்டில் 24 சதவீதப் பங்கு வாங்கியது, போட்ட பணம் போனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜெட் விழுந்தபோது எதிஹாட் விழவில்லை, அபுதாபி விமானம் மறுநாளும் பறந்தது. பங்குதாரர் மூழ்கினால் உங்கள் பணம் போகும். இணைந்தவர் மூழ்கினால் நீங்களே போவீர்கள். இந்த வித்தியாசத்துக்கு ஒரு விலை உண்டு. இணைப்பு விண்ணப்பங்களில் அந்த விலையை யாராவது எழுதுகிறார்களா?

அப்படியானால் ஏன் இணைப்புக்கே ஓடுகிறார்கள்? நாடு விட்டு நாடு என்றால் சட்டம் பெரும்பாலும் விடாது. நம் ஊரிலேயே வெளிநாட்டு விமான நிறுவனத்துக்கு 49 சதவீதம்தான். அதனால் அங்கே கூட்டணி. உள்நாட்டுக்குள் அந்தத் தடை இல்லை. கூட்டு வைத்தால் எதிர்க் கடைக்காரர் உயிரோடு இருப்பார், நாளைக்கே ஐநூறு ரூபாய் குறைத்து விற்பார். இணைந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. என் கணக்கில், இணைப்பில் நிச்சயமாகக் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான். பயணிக்கு அது அப்படியே நஷ்டம். அதைத் தடுக்கத்தானே உங்கள் ஆணையம் இருக்கிறது?

விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்த விஷயம் கொஞ்சம் வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் டாடாதான் முதலாளி, ஒரே வீட்டில் நாலு பெயர்ப்பலகை எதற்கு என்ற கேள்வி நியாயமே. 2023 செப்டம்பர் 1 அன்று, அவர்கள் தாமாகக் கொடுத்த உறுதிமொழிகளை ஏற்று நீங்கள் அனுமதி தந்தீர்கள். 2024 ஏப்ரலில் புதுச் சம்பள முறை பிடிக்காத விமானிகள் வராமல் போக, விஸ்தாரா தினமும் இருபது முப்பது விமானங்களைக் குறைத்தது. அடுத்த மாதமே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஊழியர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று விடுப்புப் போட்டார்கள். அங்கேயும் ஒரு இணைப்புதான் நடந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரில் விஸ்தாரா என்ற பெயர் போனது.

அந்த இணைப்பில் 25.1 சதவீதம் எடுத்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 2024-25 கணக்கைப் பாருங்கள். லாபம் 278 கோடி சிங்கப்பூர் டாலர், அதுவரை இல்லாத சாதனை. அதில் சுமார் 110 கோடி, விஸ்தாரா கைமாறியதால் ஏட்டில் மட்டும் ஏறிய லாபம். அடுத்த அரையாண்டில் அவர்கள் லாபம் முந்தைய ஆண்டின் அதே அரையாண்டில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஏர் இந்தியா நஷ்டத்தில் தங்கள் பங்கும் ஒரு காரணம் என்று அவர்களே அறிவித்தார்கள். அகமதாபாத் விபத்து, பாகிஸ்தான் வான்வழி மூடல் என்று அந்த ஆண்டு மோசமான ஆண்டுதான். நான் சொல்வது, இணைந்த அன்று கைதட்டுகிறோமே, அந்தக் கணக்கு எவ்வளவு மெல்லிய தாள் என்பதற்காக.

தென் கொரியாவில் உங்களைப் போன்ற ஆணையம் ஒன்று இருக்கிறது. கொரியன் ஏர் ஏசியானாவை வாங்கியபோது, 2019-ஐ அடிப்படையாக வைத்து, விலைவாசி உயர்வுக்கு மேல் கட்டணம் ஏறக் கூடாது என்று நிபந்தனை போட்டது. மீறியதற்கு 2025-ல் ஏசியானாவுக்கு அபராதம். பயணிகளின் மைலேஜ் புள்ளிகளை இணைக்கும் திட்டத்தைக் கொடுத்தபோது, இது போதாது, திருத்திக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியது. மைலேஜ் புள்ளிக்கே இவ்வளவு! இங்கே வீல்சேர்.

போட்டி குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடே பார்த்தது. உள்நாட்டுப் பயணிகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் விமானிகளின் ஓய்வு விதிக்குத் தயாராகாமல் தடுக்கி விழ, ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. அது இணைப்பால் வளர்ந்த நிறுவனம் இல்லை, தெரியும். ஆனால் மாற்றுக்கு ஆள் இல்லாத சந்தை எப்படியிருக்கும் என்று காட்டிவிட்டது. 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், ஆயிரத்துக்கு மேல் போனால் 15,000, 18,000 என்று அமைச்சகம் உச்சவரம்பு போட வேண்டியிருந்தது. சந்தையே விலையைத் தீர்மானிக்கும் என்று வருடக்கணக்காக எங்களுக்குச் சொல்லிவந்த அதே அமைச்சகம். போகட்டும், அந்த வாரம் விமான நிலையத்தில் தரையில் படுத்திருந்தவர்களுக்கு ஒரு டீயின் உச்சவரம்பையும் சேர்த்துப் போட்டிருக்கலாம். மன்னிக்கவும், விஷயத்தை விட்டு எங்கோ போகிறேன்.

இணைப்பே கூடாது என்று கேட்கவில்லை. கூட்டுகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சீல் குத்தச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜெட்புளூவும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் வைத்த கூட்டையே 2023-ல் நீதிமன்றம் உடைத்தது. கூட்டு ஏன் போதாது என்ற கேள்வியைக் கேளுங்கள், பதிலைக் கணக்கோடு வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எத்தனை கோடி மிச்சமாகும் என்று சொன்னார்கள், மூன்று வருடம் கழித்து எத்தனை மிச்சமானது என்பதும் அதே இணையதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

கூடவே அமைச்சகத்துக்கு ஒரு வேண்டுகோள். இணைப்பு நாளுக்கு முன் விற்ற ஒவ்வொரு டிக்கெட்டிலும் இருக்கிற இருக்கை, சாப்பாடு, வீல்சேர் எல்லாம் புது நிறுவனத்தின் பொறுப்பு என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ ஒரு வரி உத்தரவு போட்டால் போதும். "வழங்கிய நிறுவனத்தை அணுகவும்" என்று யாரும் பதில் எழுத முடியாதபடி அந்த வரி இருக்க வேண்டும்.

2023-ல் வாங்கிய உறுதிமொழிகள் எந்த அளவுக்கு நிறைவேறின என்ற அறிக்கையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அடுத்த இணைப்பு விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வருவதற்குள் அதை வெளியிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து ஒரு டிக்கெட் ஏஜென்ட்