கன்வெர்ட்டரை அறுத்தெடுக்காதீர்கள்: கோலாலம்பூர் வாகனப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் சுற்று வட்டாரங்களிலும் வாகனப் பட்டறை நடத்துவோருக்கும், அங்குப் பணிபுரியும் தொழில்நுட்பர்களுக்கும் வணக்கம்.

செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங் பகுதிப் பட்டறைகளில் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மோட்டார் தொழில்நுட்பம் கற்பித்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். புகையிலுள்ள நச்சுகளை நீக்கும் கருவியான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்ட காருடன் வருபவரிடம், அதை அறுத்தெடுத்துவிட்டு நேர்க்குழாயைப் பற்றவைத்தால் செலவும் குறையும், வண்டியும் நன்றாக இழுக்கும் என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பெட்ரோல் எரிந்தபின் சிலிண்டரை விட்டு வெளியேறுவதில் பெரும்பகுதி நைட்ரஜனும் கரியமில வாயுவும் நீராவியுமே. எஞ்சியுள்ள சிறு பங்கில்தான் கேடு இருக்கிறது: அரைகுறையாக எரிந்ததால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, எரியாமலே தப்பிய ஹைட்ரோகார்பன்கள், எஞ்சினின் கடும் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள். எல்லாச் சிலிண்டர்களிலிருந்தும் வரும் இந்தப் புகையை மேனிஃபோல்ட் என்ற குழாய்த்தொகுதி திரட்டிக் கன்வெர்ட்டருக்குள் அனுப்புகிறது. அதனுள்ளே இருப்பது தேன்கூடு போன்ற கண்ணறைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிதாகப் படிந்திருக்கின்றன. அவற்றின் மேல் தவழ்ந்து செல்லும்போது கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகவும், ஹைட்ரோகார்பன்கள் கரியமில வாயுவாகவும் நீராகவும், நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. நல்ல நிலையிலுள்ள கன்வெர்ட்டர் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே வேலையைத் தொடங்குகிறது. முழுச் சூட்டில் இந்த நச்சுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீக்கிவிடுகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே எஞ்சின் ஓடினால்தான் மூன்று மாற்றங்களும் ஒருசேர நடக்கும். அந்த விகிதத்தைக் காக்கவே முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சரும், கன்வெர்ட்டரின் நலத்தைக் கண்காணிக்கப் பின்னால் இன்னொன்றும் பொருத்தப்பட்டுள்ளன.

இத்தகைய பொருள் காரணமின்றி அடைபடுவது அரிது. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதாகி ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால், அதன் பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. பீங்கான் உருகி வழியை அடைத்துவிடுகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்து எஞ்சின் ஆயில் எரிந்தாலும், அதிலுள்ள பாஸ்பரஸ் உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே அடைபட்ட கன்வெர்ட்டர் என்பது எஞ்சினில் வேறெங்கோ உள்ள கோளாற்றின் அறிகுறி. அதை அறுத்தெடுத்து, பின் சென்சருக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு துண்டு வைத்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவை ஏமாற்றி, செக் எஞ்சின் விளக்கை அணைத்துக் கொடுக்கும்போது, பழுதான காயில் பழுதாகவே இருக்கிறது. வாடிக்கையாளரோ எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிப் பணம் கொடுத்துப் போகிறார். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

வண்டி இழுக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த வேறுபாடு பெரும்பாலும் அடைப்பு நீங்கியதால் வந்தது. நல்ல கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்தினாலும் ஏறக்குறைய அதே இழுவை கிடைத்திருக்கும். அளவுக்கு மீறி அகலமான குழாயைப் போட்டால் குறைந்த சுழற்சியில் புகையின் வேகம் தளர்ந்து, ஜாலான் துன் ரசாக் நெரிசலில் ஊர்ந்து போகும்போது தேவைப்படும் இழுவையே குறையக்கூடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. காற்று அசையாத நாட்களில் வாகனப் புகை இங்கேயே தங்கிவிடுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் வினைபுரிந்து, ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் மூச்சைத் திணறடிக்கும் ஓசோனை உண்டாக்குகின்றன. எரிபொருளின் கந்தகம் கன்வெர்ட்டரின் திறனைக் கெடுக்கும். நம் நாட்டில் ரோன் 95 பெட்ரோல் 2020-இல் யூரோ 4எம் என்ற எரிபொருள் தரத்துக்கு உயர்ந்து, அதன் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற வரம்புக்குள் வந்தது. கன்வெர்ட்டரே இல்லாத காரில் அந்தப் பயனின் பெரும்பகுதி வீணாகிறது.

காரைத் தூக்கி நிறுத்தும் நேரத்தில் புகைக்குழாயின் வளையும் இணைப்பையும் கேஸ்கெட்டையும் சைலன்சரையும்கூடப் பார்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. குறுந்தொலைவு மட்டுமே ஓடும் கார்களில் அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் சைலன்சருக்குள் தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. அப்படி விழும் ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகலாம். நிறமும் மணமும் இல்லாத அவ்வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு காரில் தூங்கும் வழக்கமுள்ள நாடு இது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், பெட்ரோல் எஞ்சின் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1996 முதலே இருக்கின்றன. ஆனால் லோரிகளையும் பேருந்துகளையும் போலத் தனியார் கார்கள் குறித்த கால இடைவெளியில் சோதனைக்குப் போவதில்லை. பெரும்பாலான கார்களின் அடிப்பகுதியைப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

புதிய அசல் கன்வெர்ட்டரின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது என்பதை நான் மறுக்கவில்லை. முதலில் அடைப்பின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். பிறகு, தரமான மாற்றுத் தயாரிப்புகளின் விலையையும் வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லி, அவரையே முடிவெடுக்க விடுங்கள். கழற்றிய பழைய கன்வெர்ட்டர் அவருடைய சொத்து. அதிலுள்ள உலோகங்களுக்காகப் பழைய இரும்பு வியாபாரிகள் பணம் கொடுக்கிறார்கள் என்பதை மறைக்காமல் கூறி, அத்தொகையைப் பில்லில் கழித்துக்கொடுங்கள். இதற்கான சோதனை முறைகளை உங்கள் பட்டறைக்கே வந்து இளைஞர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுத்தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்