மனுதாரர் பெயர் உங்கள் சர்வரில் எதற்கு?

அனுப்புநர்:
கட்டணச் சந்தாதாரர் (பெயரும் சந்தா விவரமும் இணைப்பில்),
பாரிமுனை, சென்னை - 600 001.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
தமிழ் கீபோர்டு ஆப் பிரிவு.

பொருள்: நான் தட்டச்சு செய்த மூன்றாம் நபர்களின் பெயர், முகவரி ஆகியவை என் ஒப்புதல் இல்லாமல் உங்கள் சர்வருக்குச் சென்றது, அவற்றை அழிக்கவும் சந்தாவைத் திருப்பித் தரவும் கோருவது.

ஐயா / அம்மையீர்,

தம்பு செட்டித் தெருவில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்.எஸ்.சி. போஸ் சாலையைத் தாண்டினால் உயர் நீதிமன்ற வளாகம். குடும்ப நீதிமன்றமும் அதற்குள்ளேயே இருப்பதால் விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது என்ற மனுக்கள்தான் எனக்குப் பாதி வேலை. கம்ப்யூட்டரில் என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ் டைப்பிங் மென்பொருளை வைத்து அடிக்கிறேன். அது இலவசம், நெட் இல்லாமலே ஓடும், இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு விவரம் கேட்டதில்லை. ஆனால் வக்கீல்கள் இப்போது திருத்தங்களை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டு "நாலாவது பாராவை மாத்தி அனுப்புங்க" என்பார்கள். அதற்குப் போனில் வேகமாகத் தமிழ் அடிக்க வேண்டும். அதற்காகத்தான் உங்கள் கீபோர்டை ஆண்டுக்கு ரூ. 499 கட்டி வாங்கினேன்.

காசு கட்டியதற்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் ஆப் விளம்பரத்திலும் நம் விவரத்திலும்தான் சம்பாதிக்கும் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்கினால் அந்தத் தொல்லை இருக்காது என்று உங்கள் விளம்பரமே சொன்னது. "உங்கள் எழுத்து உங்களிடமே" என்ற வாசகத்தை நான் கற்பனை செய்யவில்லை. உங்கள் வாங்கும் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

இனி நடந்தது. கடையில் வேலை செய்யும் பையனுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். சந்தா ஒன்றுக்கு இரண்டு போனில் பயன்படுத்தலாம் என்று நீங்களே சொல்வதால், அதே லாகினில் உங்கள் ஆப்பைப் போட்டான். சும்மா அடித்துப் பார்க்க 'மனுதாரர்' என்று எழுதினான். மேலே பரிந்துரைப் பட்டையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. அதைத் தொட்டான். அடுத்து 'க/பெ' வந்தது, அதற்கடுத்து அவள் கணவர் பெயர், பிறகு கதவு எண், தெருப் பெயர், புளியந்தோப்பு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. "அக்கா, யாருக்கா இது?" என்று சத்தமாகப் படித்துவிட்டான். கவுன்டரில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

அது ஜீவனாம்ச மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்பார்கள். அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தபின் 144-ஆம் பிரிவு. புருஷன் வீட்டுக்கு முகவரி தெரியக்கூடாது என்பதற்காகவே அந்தப் பெண் தன் அக்கா வீட்டில் போய் இருக்கிறாள். நான் அதை என் போனில் மட்டும்தான் அடித்தேன். புதுப் போனில் அதுவரை ஒரு எழுத்து அடிக்கப்படவில்லை. அப்படியானால் அந்தக் கதவு எண் என் போனிலிருந்து உங்கள் சர்வருக்குப் போய், அங்கிருந்து இந்தப் போனுக்கு வந்திருக்கிறது. வேறு வழி இல்லை.

கீபோர்டு என் வார்த்தைகளைக் கற்றுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 'எதிர்மனுதாரர்' என்பதை ஒவ்வொரு முறையும் முழுசாக அடிக்க முடியாது. அந்தக் கற்றல் என் போனுக்குள் நடக்கட்டும். அதை வெளியே அனுப்ப என்னிடம் ஏன் கேட்கவில்லை என்பதுதான் கேள்வி.

தேடிப் பார்த்தேன். செட்டிங்ஸ் உள்ளே போய், 'மேலும்' என்பதைத் தட்டி, 'கணக்கு' போய், அதற்குள் 'ஸ்மார்ட் அனுபவம்' என்று ஒன்று இருக்கிறது. அதன் அடியில் 'தமிழை மேம்படுத்த உதவுங்கள்' என்று ஒரு பட்டன். அது முதல் நாளிலிருந்தே ஆன் ஆகி இருந்திருக்கிறது. தமிழை மேம்படுத்த யாருக்குத்தான் மனம் வராது? ஆனால் அந்தப் பட்டன் அனுப்புவது நான் அடிக்கும் சொற்றொடர்களை என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. அது உங்கள் தனியுரிமைக் கொள்கையில் இருக்கிறது, பதினேழாம் பாராவில், ஆங்கிலத்தில். விளம்பரம் தமிழ், பட்டன் தமிழ், காசு வாங்கும் பக்கம் தமிழ், கொள்கை மட்டும் ஆங்கிலம்.

போனின் செட்டிங்ஸில் எந்த ஆப் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று பார்க்க முடியும். எழுத்து அடிக்க மட்டும் இருக்கும் உங்கள் ஆப் போன மாதம் பின்னணியில் 140 எம்பி எடுத்திருக்கிறது. வாய்ஸ் டைப்பிங்கால் என்று சொல்லிவிடாதீர்கள். பேருந்து ஹாரனும் ஜெராக்ஸ் மெஷினும் கத்தும் இடத்தில் யாரும் போனிடம் பேசி மனு எழுத முடியாது. அந்த வசதியை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

உங்கள் கஸ்டமர் கேருக்கு எழுதினேன். "உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிக முக்கியம்" என்று தொடங்கிய பதிலில், கேச்சை அழித்து ஆப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள். கடைசியில் ஐந்து நட்சத்திரம் கேட்டிருந்தார்கள். மறுபடி எழுதியதற்கு வந்த பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது: "தரவுகள் அனைத்தும் பயனரின் அடையாளம் நீக்கப்பட்ட பிறகே சேமிக்கப்படுகின்றன."

எந்தப் பயனரின் அடையாளம்? என்னுடையதை நீக்கியிருக்கலாம். அந்த வரிகளில் என் அடையாளம் இல்லவே இல்லையே. நான் அடித்ததே அடுத்தவர்களின் பெயரும் கதவு எண்ணும் கல்யாணத் தேதியும். யாருடைய கணக்கிலிருந்து வந்தது என்பதை அழித்துவிட்டு, வந்ததை அப்படியே வைத்துக்கொண்டால் யாருக்குப் பாதுகாப்பு? என் விவரமாக இருந்தால் போகட்டும் என்றுகூட விட்டிருப்பேன். அந்தப் பெண் உங்கள் ஆப்பை இறக்கியதில்லை, உங்கள் நிபந்தனைகளுக்கு 'சரி' கொடுத்ததில்லை. நானே 'சரி' சொல்லியிருந்தாலும் அவள் சார்பில் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

கீபோர்டு சாதாரண ஆப் இல்லை. கேமரா ஆப் படம் எடுக்கும்போது மட்டும்தான் பார்க்கும். கீபோர்டு வாட்ஸ்அப், மெயில், தேடல், வங்கி எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வெளியார் கீபோர்டு ஒன்றை ஆன் செய்யும்போதே, பாஸ்வேர்டு, கிரெடிட் கார்டு எண் உட்பட நீங்கள் அடிக்கும் எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டு எச்சரிப்பது அதனால்தான். யூபிஐ பின் போடும் இடத்தில் நம் போன் கீபோர்டு வராமல் தனி எண்பலகை வருவதைக் கவனித்திருப்பீர்கள். அதை வடிவமைத்தவர்களுக்கு உங்களைப் போன்றவர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை!

பயம் வெறும் கற்பனையும் இல்லை. 2017 டிசம்பரில் ஏ.ஐ.டைப் என்ற கீபோர்டின் தரவுத்தளம் பாஸ்வேர்டுகூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது வெளியே தெரிந்தது. சுமார் 3.1 கோடிப் பயனர்களின் விவரம், அதில் பலருடைய போனிலிருந்து அள்ளிய தொடர்பு எண்களும் சேர்த்து. 2024 ஏப்ரலில் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வகம், சர்வருக்கு எழுத்தை அனுப்பும் சீன மொழிக் கீபோர்டுகளைச் சோதித்தது. ஒன்பது நிறுவனங்களில் எட்டின் கீபோர்டுகளில், அடிப்பதை வழியில் யாராவது படித்துவிடக்கூடிய ஓட்டை இருந்தது. அந்த நிறுவனங்கள் சின்னக் கம்பெனிகள் இல்லை. உங்கள் சர்வர் அவர்களுடையதைவிடக் கெட்டி என்று நான் எதை வைத்து நம்புவது? போகாத எழுத்து கசியாது. அனுப்பாமல் இருந்தாலே போதும்.

'நாங்கள் பாதுகாப்பு' என்று சொல்பவரே விற்றுவிட்ட கதையும் உண்டு. அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம், பின்தொடர்பவர்களிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே பயனர்களின் பிரவுசிங் விவரங்களைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் மூலம் விற்றது. 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி அதற்கு 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அங்கேயும் அடையாளம் நீக்கிவிட்டோம் என்ற இதே பதில்தான் சொல்லப்பட்டது.

கோர்ட் வாசலில் கடை வைத்திருப்பதால் சட்டப் பிரிவுகளை அடித்து அடித்தே கொஞ்சம் மனப்பாடம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 6-ஆம் பிரிவு, ஒப்புதல் என்பது சுதந்திரமானதாகவும் தெளிவானதாகவும் இருக்க வேண்டும், குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவோடு நிற்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவிலேயே ஒரு உதாரணம் வருகிறது: போனிலேயே மருத்துவ ஆலோசனை தரும் டெலிமெடிசின் ஆப் ஒன்று போனின் தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது, பயனரும் 'சரி' என்கிறார், ஆனாலும் மருத்துவ சேவைக்கு அது தேவையில்லாததால் அந்த ஒப்புதல் செல்லாது. நீங்களும் போன அப்டேட்டில் தொடர்புப் பட்டியலைக் கேட்டீர்கள். கீபோர்டுக்கு அது எதற்கு என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லும். தெரியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்படி அவகாசம் எதுவும் இல்லை. நுகர்வோர் நம்பிக்கையோடு தந்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக மற்றவருக்கு வெளியிடுவது அதில் நியாயமற்ற வணிக நடைமுறை. பயனரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியலிட்டு 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டிருக்கிறது. 'தமிழை மேம்படுத்த உதவுங்கள்' பட்டன் அதில் எந்த வகை என்பதை ஆணையமே சொல்லட்டும்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். என் கணக்கிலிருந்து உங்களுக்கு வந்த சொற்கள், சொற்றொடர்கள் என்னென்ன, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு பேக்கப் உட்பட எல்லாவற்றையும் அழித்து, அழித்ததை உறுதிப்படுத்துங்கள். உங்கள் ஏஐ மாடலைப் பழக்க அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பட்டனை எல்லாப் பயனர்களுக்கும் ஆஃப் நிலையில் வைத்து, எது போகிறது என்று அதன் பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். சந்தா தொகை ரூ. 499-ஐ முழுசாகத் திருப்பித் தாருங்கள்; மீதி மாதங்களுக்குக் கணக்குப் போட்டு அல்ல.

மின் வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகாரைப் பெற்றதாக ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். அது வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் தொழில் செய்யும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் அனுமதிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. மனு அடிக்க நான் வெளியே போக வேண்டியதும் இல்லை.

அந்தப் பெண்ணின் வக்கீலிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் தனியாக எழுதுவதாக இருந்தால் அது அவர் முடிவு.

உங்கள் ஆப்பை இரண்டு போனிலிருந்தும் எடுத்தாகிவிட்டது. யூபிஐ ஆட்டோபேயை நானே ரத்து செய்தேன். இப்போது ஹெலிபோர்டு என்ற திறமூலக் கீபோர்டு (அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்) போட்டிருக்கிறோம். அதற்கு இணைய அனுமதியே கிடையாது. அனுப்ப நினைத்தாலும் அனுப்ப வழியில்லை. பரிந்துரை உங்களுடையது அளவுக்குச் சாமர்த்தியமாக இல்லை. பையன் இரண்டு நாள் முணுமுணுத்தான், பழகிவிட்டான். ஒரு விஷயம் மட்டும் உங்கள் காதில் போட்டு வைக்கிறேன்: இணைய அனுமதியை ஆண்ட்ராய்டு தனியாகக் கேட்பதில்லை, இன்ஸ்டால் செய்தவுடன் தானாகக் கொடுத்துவிடுகிறது. பிளே ஸ்டோரின் 'தரவுப் பாதுகாப்பு' பகுதியும் நீங்களாக எழுதிக் கொடுப்பதுதான். அதனால் எந்த ஆப்பையும் போடுவதற்கு முன் பிளே ஸ்டோரில் அதன் அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்க்க, எங்கள் தெருவில் இருக்கும் குமாஸ்தாக்களுக்கும் மற்ற டைப்பிங் கடைக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பலர் உங்கள் சந்தாதாரர்கள்.

இப்படிக்கு,
கட்டணச் சந்தாதாரர்,
சென்னை - 1.

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, கஸ்டமர் கேர் பதில்கள் இரண்டு, டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பரிந்துரைப் பட்டையின் ஸ்கிரீன்ஷாட். கடைசியதில் பெயர்களையும் கதவு எண்ணையும் கறுப்படித்திருக்கிறேன், உங்களிடம் அவை ஏற்கெனவே இருக்கின்றன என்றாலும்.