பென் டிரைவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், ஆண்டு விழாப் பொறுப்பைத் தலையில் சுமக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்கள் விழாக்களுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் கொண்டுவந்து இறக்கும் ஆள் நான். கூட்டத்துக்குப் பின்னால், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேஜையில் உட்கார்ந்திருப்பவனை யாரும் கவனிப்பதில்லை. மைக் விசில் அடித்தால் மட்டும் எல்லாரும் திரும்பி முறைப்பார்கள். அந்த மேஜையிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மேடையேறும் பிள்ளைகள் தங்கள் குரலில் பாடட்டும், தங்கள் வாயால் பேசட்டும், தங்கள் கையால் வாசிக்கட்டும். முன்கூட்டிப் பதிவு செய்த ட்ராக் வேண்டாம்.

முன்பெல்லாம் நடனத்துக்கு மட்டும்தான் பாட்டைப் பதிவாகக் கொடுப்பார்கள். அதில் தப்பில்லை. அப்புறம் பாடுகிறவர்களுக்கும் பின்னணி இசை பதிவாக வந்தது. இப்போது நாடக வசனத்தையே முன்கூட்டிப் பதிவு செய்து, முழு நிகழ்ச்சியையும் ஒரு பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வாயை அசைத்தால் போதுமாம்.

அப்படி ஒரு நகைச்சுவை நாடகத்தைச் சொல்கிறேன். கஞ்சன் வேடம் போட்ட பையன், கடன் கேட்டு வந்தவனைப் பார்த்ததும் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினான். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. சொந்தமாகப் பேசுகிற நடிகன் என்றால் சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நிற்பான். அந்த நிற்பே இன்னொரு சிரிப்பை வாங்கித் தரும். ட்ராக் நிற்குமா? அடுத்த மூன்று வசனங்கள் சிரிப்புச் சத்தத்தில் அடித்துக்கொண்டு போயின. வாயசைவைப் பிடிக்கப் பையன் திணறினான், கடன் கேட்டவன் தன் முறை வந்ததே தெரியாமல் விழித்தான். நான் பட்டனை அழுத்தி நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் மறுபடி எந்த இடத்தில் தொடங்கும் என்று அந்த இரண்டு பேருக்கும் யார் சொல்வது? இத்தனைக்கும் நன்றாக நடிக்கக்கூடிய பையன் அவன். பார்வையாளர்களைக் கையில் பிடித்து வைத்திருக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தானே நாடகமே போடுகிறோம்.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். பிள்ளை வசனத்தை மறந்துவிட்டால்? குரல் கடைசி வரிசைக்குப் போகாவிட்டால்? சுருதி விலகினால்? மறதிக்கு மருந்து ஒத்திகையும், திரைக்குப் பக்கத்தில் பிரதியோடு நிற்கும் ஒரு தோழனும். அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்ற இரண்டும் என் தொழிலோடு சம்பந்தப்பட்டவை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளி அரங்குகள் பெரும்பாலும் தேர்வு எழுதவும் விளையாடவும் கட்டியவை. வழவழப்பான தரை, வெறும் சுவர், உயரமான கூரை. காலி அரங்கின் நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டிப் பாருங்கள், சத்தம் சுற்றிச் சுற்றி வரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 17 மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவரில் மோதி அது திரும்பி வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் மேடையில் அடுத்த அசை வந்துவிடும், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ‘கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டு’ என்று ஆள் அனுப்புவீர்கள். கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். வசனம் காதில் விழும், புரியாது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மேடையோரத்தில் இரண்டு ராட்சத ஸ்பீக்கர்களை அலறவிடாமல், சின்ன ஸ்பீக்கர்களை உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் குறைக்கலாம். பின்சுவரில் கனமான திரைத்துணி தொங்கவிடலாம். பார்க்க வந்தவர்களின் உடம்பும் உடுப்பும் நிறைய ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே ஒத்திகையில் கூவிய அரங்கு விழாவன்று சற்று அடங்கிவிடும். முக்கியமாக, மைக்குகளைக் குறையுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், விசில் வராமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு) போய்விடும். அதே சமயம் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். கேட்கவில்லை என்று எட்டு மைக் வைக்கச் சொல்வதைவிட, இரண்டே மைக் வைத்து, எங்கே நின்று பேச வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. அந்தக் கோட்டில் நின்று வகுப்பில் பேசுவதைவிட நிதானமாக, முகத்தைப் பார்வையாளர் பக்கம் வைத்துப் பேசப் பழக்கினால், பத்தாம் வகுப்புப் பிள்ளையின் குரல் கடைசி வரிசைவரை போகும்.

அடுத்தது சுருதி. ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் குரல் உடைகிறது. குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடித்து, பேசும் குரலே கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரையுள்ள தூரம்) கீழே போய்விடும். பெண் பிள்ளைகளுக்கும் மாற்றம் உண்டு. இறக்கம் குறைவு, ஆனால் கொஞ்ச காலம் குரலில் காற்று கலந்து வரும். உயர்நிலைப் பள்ளி என்பதே இந்த வயதுதான். ஆறாம் வகுப்பில் கொடி கட்டிப் பறந்த பாடகனை ஒன்பதாம் வகுப்பில் ‘உனக்குக் குரல் போச்சுடா’ என்று கடைசி வரிசையில் நிறுத்துவதை நிறைய பார்த்துவிட்டேன். குரல் எங்கும் போகவில்லை, வீடு மாறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சுருதியை இரண்டு கட்டை இறக்கி, அவனுக்கு வசதியான ஐந்தாறு சுரங்களுக்குள் நிற்கும் பாட்டாகக் கொடுத்தால் பாடுவான். ட்ராக்கையும் மென்பொருளில் இறக்கலாம் என்பீர்கள். சுருதி இறங்கும், சரி. பையன் இன்னும் ஒரு மூச்சு எடுத்துக்கொள்ள அது காத்திருக்காது. பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் தோழி காத்திருப்பாள்.

‘எங்கள் பிள்ளைகளுக்கு அந்த அளவு வாசிப்பு வராது’ என்பது அடிக்கடி கேட்கும் பதில். வருகிற அளவுக்கு இசையை எழுதிக்கொள்ளலாமே. பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளர், பைபிளில் வரும் நோவாவின் வெள்ளக் கதையைச் சிறுவர்கள் பாடி வாசிக்கும்படி ஓர் இசை நாடகமாக்கினார். 1958இல் ஒரு தேவாலயத்தில் அரங்கேறியது. அதில் சிறுவர்களுக்கான வயலின் பகுதியைத் தேர்ச்சிக்குத் தக்கபடி பிரித்திருந்தார். இப்போதுதான் வில் பிடிக்கத் தொடங்கியவர்களுக்கு, விரலே வைக்க வேண்டாத திறந்த தந்திகளில் வாசிக்கும் சுரங்கள். முதல் மழைத்துளிகளுக்கு, கயிற்றில் தொங்கவிட்ட கோப்பைகளை மரக்கரண்டியால் தட்டவைத்தார். ஊரறிந்த கலைஞர் ஒருவரே கோப்பையும் கரண்டியும் போதும் என்று எழுதியிருக்கும்போது, நாம் எதற்காகத் திரைப்பட ஆர்கெஸ்ட்ராவின் பதிவைத் தேடி அலைய வேண்டும்?

நாடகத்துக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1930இல் பெர்டோல்ட் பிரெக்ட் எழுத்திலும் குர்ட் வைல் இசையிலும், மாணவர்களே நடிக்கவென்று ஒரு பள்ளி இசை நாடகம் ஜெர்மனியில் வந்தது. பயணத்தில் நோயுறும் சிறுவன் ஒருவன், பழைய வழக்கப்படி தன்னைப் பலிகொடுக்கச் சம்மதிக்கிறான் என்பது கதை. பெர்லின் பள்ளி ஒன்றில் மாணவர்கள் அதை விவாதித்து, அவன் ஏன் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். பிரெக்ட் கோபித்துக்கொள்ளவில்லை. நாடகத்தைத் திருத்தி எழுதினார், அதற்கு எதிராகச் சிறுவன் மறுக்கும் இன்னொரு நாடகத்தையும் சேர்த்து எழுதினார். வசனத்தைத் தன் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகும் பிள்ளைக்குத்தான் ‘இவன் ஏன் இப்படிப் பேசுகிறான்?’ என்ற கேள்வி வரும். பதிவுக்கு வாயசைப்பவனுக்கு எந்த நொடியில் வாயைத் திறப்பது என்ற கவலை தீரவே நேரம் போதாது.

மேடைக்கு வெளியேயும் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரதியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மைக் எண், நுழையும் வரிக்கு மேலே பென்சிலில் சின்ன அம்புக்குறி. பேசப் போகிறவர் மூச்சு இழுக்கும்போதே அவள் விரல் அந்த மைக்கின் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுபிடியை) ஏற்றத் தொடங்கிவிடும். பேசி முடித்தவரின் மைக் உடனே கீழே. அன்று ஒரு விசில்கூட வரவில்லை. மேடைக்கு வரக் கூச்சப்படும் பிள்ளைகளில் இப்படி எத்தனை பேர் இருப்பார்களோ.

நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நேரடியாகப் பாடி நடிக்க ஒத்திகை அதிகம் வேண்டும். பாதி நிகழ்ச்சிகளை விட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். (உரைகளையும் குறைக்கலாம் என்று சொல்ல ஆசைதான். மைக்செட்காரன் அதில் தலையிடக்கூடாது.)

கடைசியாக ஒரு வேண்டுகோள். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்களைக் கூப்பிடாதீர்கள். ஒத்திகைத் தேதி குறிக்கும்போதே கூப்பிடுங்கள். யார் யார் பேசுவார்கள், யார் பாடுவார்கள், என்னென்ன வாத்தியம், ஒவ்வொருவரும் மேடையில் எங்கே நிற்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விழா நடக்கும் அதே அரங்கில், அதே மைக்குகளோடு, ஒரு முழு ஒத்திகைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். வகுப்பறையில் எத்தனை முறை பழகினாலும் அது இதற்கு ஈடாகாது. அந்த அரை நாளுக்கு நான் தனியாகக் காசு கேட்க மாட்டேன். என்னைப் போன்ற மற்றவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மிக்ஸர் மேஜைக்காரன்