முதல் டோஸுக்கு முன் பிளட் கல்ச்சர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆன்டிபயாடிக் பலிக்காமல் போவது பற்றிப் பேச்செடுத்தாலே, சீட்டில்லாமல் மாத்திரை வாங்குகிறவர்கள் தலையில் பழி விழுகிறது. அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் ஐசியூவில் வென்டிலேட்டர் குழாயிலும் சிறுநீர்க் குழாயிலும் தங்கும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் ஊசிக்கும் அடங்காமல் போவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயேதான். மெரோபெனம் 2014 மார்ச் முதல், சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 அட்டவணையில் இருக்கிறது. யாருக்கு விற்றோம் என்று மருந்துக்கடை பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வார்டில் அது ஏன், எத்தனை நாள் ஏறியது என்று அந்தப் பதிவேடு கேட்பதில்லை.

அதைக் கேட்க வைப்பது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை. முதல் டோஸ் ஏறுவதற்கு முன் எடுத்தால்தான் அதற்கு மதிப்பு. பெரியவர்களுக்கு இரண்டு இடங்களில் தனித்தனியாகக் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. எடுக்க வேண்டும். ரத்தத்தில் பல நேரம் ஒரு மி.லி.க்கு ஒரு கிருமிகூடத் தேறாது, 3 மி.லி. விட்டுவிட்டு விடை கிடைக்கவில்லை என்றால் எப்படி? ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் 30 விநாடி தேய்த்து, தோல் தானாகக் காய்ந்த பிறகே குத்த வேண்டும்; துடைத்த இடத்தில் மறுபடி விரலை வைத்து நரம்பு தேடக் கூடாது. பாட்டிலின் ரப்பர் மூடியையும் துடைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்காமல் 2 மணி நேரத்துக்குள் லேபுக்கு அனுப்ப வேண்டும். இரவில் எடுத்த பாட்டில் காலைவரை நர்ஸ் மேஜையிலேயே கிடப்பதுதான் பல இடங்களில் நடைமுறை.

வேறு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஊசி போட்டபின் வந்த நோயாளிக்குக் கல்ச்சர் 'வளர்ச்சி இல்லை' என்று வரலாம். கிருமி இல்லை என்று அதற்குப் பொருளில்லை. மருந்தை நிறுத்த டாக்டருக்குத் துணிவு வராது. 1 கிராம் மெரோபெனம் தினம் மூன்று வேளை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் எடுத்த ரத்தத்தில், குத்தும்போது ஒட்டிவந்த தோல் கிருமி வளர்ந்தாலோ, அதை நோய்க்கிருமி என்று எண்ணி வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் தேவையில்லாமல் சேரும். இரண்டு இடங்களில் குத்தச் சொல்வது இதற்காகவும்தான். ரத்த அழுத்தம் சரிந்து ஷாக்கில் இருப்பவருக்கு கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும்.

48 முதல் 72 மணி நேரத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்து, அந்தக் கிருமிக்கு மட்டும் போதுமான சிறிய மருந்துக்கு இறங்குவதும் அரிது. "தேறிவருகிறார், எதற்கு மாற்றணும்?" என்பார்கள். அதற்குள் குடலில் சாதாரணக் கிருமிகள் அழிந்து, எதிர்ப்புள்ளவை பெருகிவிடும். மெரோபெனத்தை முறிக்கும் என்டிஎம் மரபணு, கிருமிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடில் ஏறிக் கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலிக்குத் தாவும், கழுவாத கை வழியாக அடுத்த கட்டிலுக்கும் போகும். கடைசியில் கையில் மிஞ்சுவது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் கொலிஸ்டின் போன்ற ஒன்றிரண்டு மருந்துகள். அதற்கும் மருந்து தோய்த்த டிஸ்க்கைக் கிருமி வளரும் தட்டில் வைத்துப் பார்த்து, கிருமி மருந்துக்குக் 'கேட்கும்' என்று எழுதும் லேப்கள் இருக்கின்றன. கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு, தட்டிலுள்ள அகார் ஜெல்லியில் சரியாகப் பரவாது. டிஸ்க் முடிவை நம்பக் கூடாது. மருந்தைப் படிப்படியாக நீர்த்த திரவத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைலூஷன் முறையில் பார்க்க வேண்டும்.

கல்ச்சர் எடுத்த நேரத்தையும் முதல் டோஸ் ஏறிய நேரத்தையும் கேஸ் ஷீட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுத வைத்து, ஆய்வின்போது சுகாதாரத் துறை அதைச் சரிபார்க்கலாம். காப்பீட்டுத் திட்டங்கள் கல்ச்சருக்குத் தனியாகப் பணம் தர வேண்டும். பேக்கேஜ் தொகைக்குள் அடக்கினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். உறவினர்களும் "கல்ச்சர் எடுத்தாச்சா, ரிப்போர்ட் எப்போ வரும்?" என்று கேட்கலாம்.

இப்படிக்கு,
மருத்துவ நுண்ணுயிரியலாளர், திருச்சி